எட்டுக் கையெழுத்தும் ஒரு கல்யாண ஆல்பமும்

எங்கள் பழைய வீட்டைச் சீரமைத்ததற்காக ஒரு யுனெஸ்கோ விருதுக்கு எழுதிப் போட்டோம். விண்ணப்பத்தில் முதலில் கேட்டதே எங்களிடம் இல்லை. வேலை தொடங்குவதற்கு முந்தைய படங்கள்.

இராயக்கோட்டை மலை தெரிகிற தூரத்தில் ஒரு கிராமம். அங்கே தாத்தா கட்டிய நாட்டு ஓட்டு வீடு. கருங்கல் அடித்தளம், மண் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஆளுயரத் திண்ணை. எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அப்பா சுவர் முழுக்க சிமெண்ட் பூசிவிட்டார். அன்றைக்கு அது பெருமை. சுவருக்குள் இருக்கும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்கும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்து வருஷத்தில் அடிச்சுவர் உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது.

இடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அத்தை மட்டும் "நான் இருக்கிற வரைக்கும் நிக்கட்டும்டா" என்றார். தர்மபுரிப் பக்கம் எழுபது தாண்டிய கொத்தனார் ஒருவர் கிடைத்தார். சிமெண்டைக் கொத்தி எடுத்து, நீற்றிப் புளிக்க வைத்த சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்துப் பூசினோம். உளுத்த கைமரங்களை மட்டும் மாற்றினோம். விருது என்ற நினைப்பே அப்போது இல்லை. அதனால்தான் படமும் இல்லை.

வேலை முடிந்து இரண்டு வருஷம் கழித்துக் கட்டடக்கலை படித்த நண்பன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, யுனெஸ்கோ ஆசிய பசிபிக் நாடுகளுக்கென்று 2000-இலிருந்து தரும் மரபுப் பாதுகாப்பு விருதுக்கு எழுதிப் போடச் சொன்னான். 2017-இல் ஸ்ரீரங்கம் கோயில் வாங்கியது அதுதான். நம் ஓட்டு வீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தேன். விதிகளைப் படித்தால் வீடுகளும் சேர்த்தி. கட்டடம் 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், வேலை முடிந்து 10 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, குறைந்தது ஒரு வருஷமாவது புழக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாம் பொருந்தியது.

படத்துக்கு வழி சொன்னது அத்தைதான். பெரியப்பா மகள் கல்யாண ஆல்பம்! மாப்பிள்ளை அழைப்புக்குப் பின்னால் உப்புப் பூத்த சுவர், பந்திக்குப் பின்னால் சரிந்த தாழ்வாரம். முன்னால் நிற்கும் முகங்களை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் ஸ்கேன் செய்தேன்.

அடுத்தது உரிமையாளர் சம்மதக் கடிதம். இங்கேதான் உயிர் போனது. கூட்டுப் பட்டா, எட்டுப் பங்காளிகள். ஓசூரில் இருவர், பாலக்கோட்டில் ஒருவர், பெங்களூரில் மூவர். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கையெழுத்துப் போட்டா கவர்மெண்ட் எடுத்துக்குமா?" என்றார். எடுக்காது என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் எட்டும் சேர்ந்தன. தாளைப் பார்த்த பெரியப்பா, "இதே சூட்டுல பாகப் பிரிவினைக்கும் வாங்கிடேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

அளவு வரைபடத்துக்கு நண்பனின் மாணவர்கள் டேப்போடு வந்தார்கள். ஒரு மூலைகூடச் செங்கோணத்தில் இல்லை. மூன்று நாள் ஆனது.

எழுதுவதுதான் கடினம். வீடு எவ்வளவு அழகு என்று நான் முதலில் எழுதியதை நண்பன் முழுசாக அடித்துவிட்டான். எதை மாற்றினாய், எதைத் தொடாமல் விட்டாய், ஏன், அதை மட்டும் எழுது என்றான். சமையலறையில் சிமெண்ட் தரையை விட்டு வைத்திருக்கிறோம். பணம் தீர்ந்துபோனதுதான் காரணம். அதையும் எழுதினேன்.

ஒரு முட்டாள்தனமும் செய்தோம். படம் எடுக்கும் நாளில் தக்காளிப் பெட்டிகளையும் டியூஷன் பிள்ளைகளையும் அப்புறப்படுத்திவிட்டுத் திண்ணையில் கோலம் போட்டோம். அனுப்பிய பிறகுதான் உறைத்தது: வீடு புழங்குவதைக் காட்டச் சொன்னவர்களுக்கு ஆளில்லாத வீட்டை அனுப்பியிருக்கிறோம்.

விருது கிடைக்கவில்லை. சித்தப்பாவுக்கு நிம்மதி.

போன ஐப்பசி மழையில் பின்சுவர் ஓரிடத்தில் பெயர்ந்தது. பழைய கொத்தனாருக்கு இப்போது நடமாட்டம் இல்லை. அவர் மகன் வந்து, சாந்துக்கு அப்பா என்ன கணக்கு வைத்தார் என்று கேட்டான். விண்ணப்ப நகலை எடுத்துவந்து புரட்டினேன். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல், கடுக்காய் ஊறவேண்டிய நாள் உட்பட இருந்தது. அந்தப் பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு சாரம் கட்டப் போனான்.