மாத்திரை முடிந்த பிறகு

காசநோய்க்கு வைத்தியம் தெளிவாக இருக்கிறது. வழக்கமான டிபி என்றால் ஆறு மாதம் மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம். ஆனால் கோர்ஸ் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகு எனக்குத் தொடங்கிய கஷ்டத்தைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது சென்னையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். இருமல் நிற்கவில்லை, சாயங்காலமானால் காய்ச்சல், சுடிதாரெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. டிபி என்று தெரிந்த அன்றைக்கே காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ராத்திரியில் பெட்டியோடு தெருவில் நின்று தம்பி வரக் காத்திருந்தேன். நான் துணிகளை எடுத்து வைக்கும்போது, அறையில் கூட இருந்த பெண் என் தலையணையைக் காலால் தள்ளிக் கதவுக்கு வெளியே விட்டாள். இருமும்போது ரத்தம் வந்ததுகூட மறந்துவிட்டது. அந்தக் கால் மறக்கவில்லை.

வீடு திண்டிவனத்தில். அம்மா எனக்கென்று ஓர் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் ஒதுக்கி, மற்றதோடு கலந்துவிடாமலிருக்க அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் புள்ளி வைத்தாள். கழுவும்போதெல்லாம் விரலில் அந்தப் புள்ளி தட்டுப்படும். சுகாதார நிலையத்திலிருந்து வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, "தட்டுல ஒட்டாதும்மா, காத்துலதான் பரவும். ஜன்னலைத் திறந்து வைங்க, மாத்திரையை விடாம குடுங்க" என்றார். அம்மாவுக்கும் தம்பிக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அப்படியும் அந்தத் தட்டு ரொம்ப நாள் மாறவில்லை. பயந்த மனுஷி, அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் வருவது வேறு இடத்தில். இதே மெட்ராஸில் 1956-ல் தொடங்கி நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 1959-ல் வெளியானது. சானடோரியத்தில், அதாவது டிபிக்காரர்களைத் தங்க வைக்கும் ஆஸ்பத்திரியில், மருந்தோடு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தவர்களும், நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தபடி அதே மருந்தைச் சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் கூட இருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. டிபிக்காரரை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை என்று உலகமே மாறியதற்கு அது பெரிய காரணம். அந்த ஆராய்ச்சி நிலையம் இன்றைக்கும் சேத்துப்பட்டில் இருக்கிறது. அந்த ஊரிலேதான் என்னைத் தெருவில் நிறுத்தினார்கள்.

குணமானதும் மறுபடி வேலைக்கு வந்தேன். பஸ்ஸில் யாராவது இருமினால் நெஞ்சு படபடத்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவேன். லேசாகச் சளி பிடித்தாலும் கைக்குட்டையை பாத்ரூம் லைட்டில் விரித்து விரித்துப் பார்ப்பேன். தூங்கினால் பெட்டியோடு தெருவில் நிற்கிற கனவு. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து, "பழைய தழும்புதான், நல்லா இருக்கீங்க" என்றார். வீட்டில், "அதான் சரியாயிடுச்சே, இன்னும் ஏன் அதையே நினைக்கிற?" என்றார்கள்.

கடைசியில் 14416-க்கு போன் பண்ணினேன். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசினார்கள். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே டாக்டரம்மா நோயைப் பற்றி அதிகம் கேட்கவில்லை, ஹாஸ்டலைப் பற்றித்தான் கேட்டார். முதல் தடவையாக அதை வரிசையாக வாய்விட்டுச் சொன்னேன். தலையணைக்கு வந்ததும் அழுகையை அடக்க முடியவில்லை. கொஞ்ச காலம் மாத்திரை, அதோடு பயிற்சி. பஸ்ஸில் யார் இருமினாலும் இறங்கக் கூடாது, படபடப்பு தானாகத் தணிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். இருமினதும் கைக்குட்டையைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டும். ஆரம்பத்தில் கொடுமையாக இருந்தது. அப்புறம் மெல்ல மெல்லப் பழகியது.

இன்னொரு மருந்தைத் தந்தது அம்மா. தலையணைச் சங்கதியை அவளிடமும் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு கல்யாணத்தில், பொண்ணு ஏன் வேலையை விட்டுட்டு வீட்டில் இருந்தாள் என்று அத்தை கிசுகிசுவென்று கேட்டபோது, பந்தியே திரும்பிப் பார்க்கிற குரலில், "டிபி வந்துச்சு, மாத்திரை சாப்பிட்டா, சரியாயிடுச்சு. உங்களுக்குச் சுகர் இல்லையா அண்ணி?" என்றாள். மறைத்து வைத்த பாரம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

இப்போது எங்கள் ஆபீஸில் ஒரு பெண்ணுக்கு டிபி மாத்திரை ஓடுகிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்படாதே, மருந்தால் வருவது. மூட்டு வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, கண் மஞ்சளானாலோ உடனே டாக்டரிடம் சொல். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் என்ற கணக்கில் அரசுப் பணம் அக்கவுண்டில் வரும், பாஸ்புக் கொடுத்தாயா? இதையெல்லாம் சொன்னேன். யார் என்ன பேசினாலும் அன்றைக்கே எனக்கு போன் பண்ணிச் சொல்லிவிடு என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அவளுக்கு இரண்டாம் மாதச் சளிப் பரிசோதனை. லீவு சொல்லிவிட்டேன், நானும் கூடப் போகிறேன்.