முளைப்பாரி: ஊர் சேர்ந்து வளர்க்கும் பயிர்

மதுரை, ராமநாதபுரம் பக்கத்து அம்மன் திருவிழாக்களில் முளைப்பாரி போடுவது, அதாவது சட்டியில் பயறு விதைத்து முளை வளர்ப்பது, மண்ணுக்கு ஊரே சேர்ந்து சொல்லும் நன்றி. வீடுவீடாக வாங்கிய தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுவதால், யார் வீட்டு விதை எது என்ற கணக்கே இல்லை. அதுதான் இதன் அழகு.

பழைய விதையும் வண்டு துளைத்ததும் முளைக்காது, முதலிலேயே பொறுக்கிவிடுங்கள். ஓர் இரவு ஊறினால் போதும். அடியில் ஓட்டையுள்ள மண்சட்டியில் வைக்கோல், அதன்மேல் நன்கு மக்கிப் பொடித்த எரு. பச்சைச் சாணம் கூடாது, சூட்டில் முளை வெந்துவிடும். விதையை நெருக்கமாகப் பரப்பி, மெல்லிசாக எரு தூவி, இருட்டறையில் வையுங்கள்.

காலை, மாலை தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம். பெரும்பாலும் கெடுவது இங்கேதான்: அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகி நாற்றம் வரும். பிளாஸ்டிக் பேசினில் ஓட்டை போடாமல் விதைத்தாலும் இதே கதிதான்.

வெளிச்சம் படாததால் பச்சையம் உண்டாகாது. முளைகள் வெளிர்மஞ்சளாய் நெடுநெடுவென உயரும். அது நோயல்ல. ஒன்பது, பத்து நாளில் சாணுக்கு மேல் வளர்ந்துவிடும். இரவுதோறும் பெண்கள் சுற்றிவந்து கும்மி கொட்டுவார்கள். கடைசி நாள் தலையில் சுமந்துபோய்க் கண்மாயில் கரைப்பார்கள்.