கீழே பார்

"தெங்கோ பாவா! கீழ பாரு, மேல இல்ல!"

காலையில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், வீட்டுக்குப் பின்னால் உள்ள செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் மாமாவின் குரல். புதிதாக வந்த வங்காளதேசப் பையனுக்கு அறுவடை சொல்லிக்கொடுக்கிறார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய் மட்டும்.

அரிவாளை அவன் கையில் கொடுக்கவே இல்லை.

மரத்தடியில் குந்தவைத்து, உதிர்ந்து கிடந்த பழங்களைக் காட்டினார். பழம் உதிர்ந்திருந்தால்தான் மேலே குலை பழுத்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றைக் கீறினார். உள்ளே நல்ல ஆரஞ்சு. நேற்று யாரோ அவசரத்தில் வெட்டிப்போட்ட காய்க்குலையிலிருந்து இன்னொன்று. வெளிர்மஞ்சள்.

மூன்றாவது மரத்தில் மாமா வாயே திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பையன் குனிந்து தேடினான். தலையாட்டினான். "பெலும்." இன்னும் இல்லையாம்.

கற்றல் வடிவமைப்பு, அதாவது பயிற்சிப் பாடங்களை உருவாக்குவதுதான், என் சம்பள வேலை. எங்கள் துறையில் 'ஆடி' (ADDIE) என்று ஒரு முறை உண்டு (மாதம் இல்லை!). 1975இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில், அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. ஐந்து படிகள்: ஆராய், வடிவமை, தயாரி, நடத்து, மதிப்பிடு.

பாடம் தயாரிக்கும் மென்பொருளைப் பழகிவிடலாம். வேலை தெரிந்தவரின் கையில் இருப்பதை வாய்க்குக் கொண்டுவர வைப்பதுதான் பாடு. அதில் எதை விடுவது என்பது அதைவிடப் பாடு.

இதே அறுவடைக்கு நான் போன மாதம் 42 ஸ்லைடு செய்தேன். முதலில் நிறுவன வரலாறு. உதிரிப்பழம் 31ஆவதில் வருகிறது.

தேத்தண்ணி குடிக்கும்போது மாமா கேட்டார்: "ஆமா, ஆபீஸ்ல நீ என்னதான் வேல பாக்குற?"