பாண்டா ஷூ

அக்டோபர் 9, 2024

டியூஷன்ல பாதி பேர் கால்ல அதே ஷூதான், நைக்கி டங்க், கறுப்பு வெள்ளை, பாண்டான்னு சொல்வாங்க. 1985ல அமெரிக்கா காலேஜ் பேஸ்கட்பால் டீமுங்களுக்காக வந்த மாடல், இந்தக் கலர் 2021ல வந்துச்சு, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரிஜினல் எட்டாயிரத்துக்கு மேல. இன்ஸ்டால ஒரு பேஜ்ல ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது ஒரிஜினல் மாதிரியே இருக்குற டூப்ளிகேட், 1,900, செவன் ஏ குவாலிட்டின்னு போட்டிருக்கான். தீபாவளிக்கு டிரஸ் வேணாம்மா, அந்தக் காசைக் கையில குடுன்னு கேட்டேன். சாதா பிளவுஸ் ஒண்ணு தைச்சா அம்மாவுக்கு 150 ரூபாய். மெஷின் டிராயர்ல இருந்து எண்ணிக் குடுத்துட்டு, "அப்புறம் தீபாவளி அன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது"ன்னு மட்டும் சொல்லுச்சு.

அக்டோபர் 22

வந்துருச்சு!! பாக்ஸைத் திறந்ததும் ஒரே பசை வாசனை. டியூஷன்ல ரெண்டு பேர் செமன்னாங்க.

அக்டோபர் 31

எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு வந்தா சாமி முன்னாடி தங்கச்சி பாவாடை சட்டை, அப்பா சட்டை, எல்லாத்துலயும் மூலையில மஞ்சள். எனக்கு ஒண்ணும் இல்ல. ஷூவ சாமி முன்னாடி வைக்க முடியாதுல்ல, அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு இது தோணவே இல்ல. அம்மா பீரோவுல இருந்து பொங்கலுக்கு எடுத்த சட்டைய எடுத்து காலர்ல மஞ்சள் தடவி என் கையில குடுத்துச்சு, முன்னாடியே அயர்ன் பண்ணி வெச்சிருக்கு. கால்ல விழுந்தவன் எழுந்து அம்மா மூஞ்சியப் பாக்க முடியாம அப்படியே வெளிய போயிட்டேன்.

டிசம்பர் 1

பெஞ்சல் புயல் நேத்து ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையக் கடந்துச்சு. எங்க வியாசர்பாடி தெருவுலயும் தண்ணி, வாசப்படியில விட்டிருந்த ஷூ ஊறிப்போய் காலைல எடுத்தா முன்னாடி சோல் வாயப் பொளந்துட்டு இருக்கு. பேஜுக்கு போட்டோ அனுப்பினேன், பாத்துட்டு பிளாக் பண்ணிட்டான். அம்மா அந்த ஷூவ மடியில வெச்சு சோலைச் சுத்தி இருக்குற தையல் கோட்டுல கட்டைவிரல் நகத்த ஓட்டிப் பாத்துச்சு. "டேய், இது தையலே இல்லடா. ரப்பர்ல அச்சு. உள்ள நூலே ஓடல, பசைதான்." ஒரிஜினல்ல அந்த இடத்துல நெஜமாவே தைச்சிருப்பாங்க, எத்தனை வீடியோ பாத்தேன், நகத்த வெச்சுப் பாக்கணும்னு தெரியல. காசு போனதப் பத்தி அம்மா ஒரு வார்த்தை பேசல, அதான் ரொம்ப கஷ்டமா இருக்கு.

டிசம்பர் 5

மார்க்கெட்ல செருப்பு தைக்கிற தாத்தாகிட்ட போனோம். 120 ரூபாய். அந்த அச்சுக் கோட்டு மேலயே ஊசியால குத்தி மெழுகு தடவின நூலை இழுத்து இழுத்து தைச்சாரு, அம்மா பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு தையலையும் பாத்துட்டே இருந்துச்சு. திரும்பி வரும்போது பொங்கலுக்கு என்னடா வேணும்னு கேட்டுச்சு. சட்டைத் துணி எடுத்து நீயே தைச்சுக் குடும்மான்னேன். ஆம்பளச் சட்டை காலர் எனக்கு சரியா வராதேடான்னுச்சு. பரவால்லம்மான்னேன்.