மூன்று பந்து, இரண்டு கை: 26 நாள் கணக்கு

ஜக்ளிங், அதாவது பந்துகளை மாறி மாறி மேலே எறிந்து பிடிக்கும் வித்தை, பழகத் தொடங்கி இன்றோடு 26 நாள். கீழே விடாமல் பிடித்ததில் அதிகபட்சம் 104. முதல் வாரத்தில் ஆறைத் தாண்டவே இல்லை. அந்த வாரம் உருப்படியாகப் பழகியது குனிந்து நிமிர்வதை மட்டுமே.

தொடங்கியது டென்னிஸ் பந்துகளில். அது தவறு. 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது அந்தப் பந்துக்கான விதி. துள்ளுவதற்கென்றே செய்த பொருள் என் உள்ளங்கையில் மட்டும் அடங்கிக் கிடக்குமா? எட்டாம் நாள், பழைய காலுறைகளின் நுனியில் தானியத்தை அடைத்து மூன்று உருண்டைகள் கட்டினேன். விழும் வேகமெல்லாம் உள்ளே மணிகள் ஒன்றோடொன்று உரசுவதிலேயே தீர்ந்துபோகிறது. கையில் தொப்பென்று உட்கார்ந்துகொள்கிறது. தவறினாலும் கட்டிலுக்கு அடியில் ஓடுவதில்லை. அன்று மாலையே 14.

அடுத்த தொல்லை, உருண்டைகள் முன்னால் போவது. எறிந்ததைத் துரத்தியபடி அறையின் மறுகோடி வரை நடந்துவிடுவேன். சுவரைப் பார்த்து நின்று பழகு என்பார்கள். நின்றேன்; உருண்டை சுவரில் மோதியது, அவ்வளவுதான்.

கைபேசியைப் பக்கவாட்டில் வைத்து, நொடிக்கு 240 படம் வீதம் எடுத்துப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. முழங்கை அசையாமல் இருந்தால் கை ஒரு வட்ட வில்லில் மேலே வருகிறது. உருண்டை கிளம்பும் திசை, அந்தக் கணத்தில் அந்த வட்டத்துக்கு வரையும் தொடுகோடு. முன்கை தரைக்கு இணையாக இருக்கும்போது பிரிந்தால் நேர் மேலே போகும். கை இன்னும் தாழ்வாக இருக்கும்போதே பிரிந்தால் முன்னால் சாயும். என் முதல் இரண்டு எறிதலும் ஒழுங்காகவே இருந்தன. மூன்றாவதில்தான் பதற்றம் வந்து கை பாதியிலேயே நின்றுவிடுகிறது. இன்னொன்றும் தெரிந்தது: உருண்டையை விரல்கள் விடுவிப்பதே இல்லை. கை வேகம் குறைகிறது, உருண்டை அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, அங்கே இரண்டும் பிரிகின்றன. எனவே விரல்களை மறந்துவிட்டு, கை எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கவனித்தேன். மூன்றே நாளில் 31.

படங்களை எண்ணும் பைத்தியம் அத்தோடு விடவில்லை. 60 செ.மீ. உயரம் போய்த் திரும்பும் எறிதலுக்கு ஏறக்குறைய 168 படங்கள், அதாவது 0.7 நொடி. அதில் பாதி, உச்சியை ஒட்டிய 15 செ.மீ.க்குள்ளேயே கழிகிறது. கால் பங்கு தூரத்துக்குப் பாதி நேரம்! கையைப் பார்க்காதே, உச்சியைப் பார் என்று எல்லோரும் சொல்வதன் நியாயம் அப்போதுதான் உறைத்தது. உருண்டை நமக்காகக் காத்து நிற்கும் இடம் அது ஒன்றுதான்.

ஐந்து பந்து ஆசை வந்தது. தகவல் கோட்பாட்டை நிறுவிய கிளாட் ஷானனுக்கும் இந்தப் பித்து உண்டு. இதற்கென ஒரு சமன்பாடே எழுதியிருக்கிறார். பந்து காற்றில் இருக்கும் நேரத்தோடு கையில் இருக்கும் நேரத்தைக் கூட்டிக் கைகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். கை காலியாக இருக்கும் நேரத்தோடு பந்தைப் பிடித்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பந்துகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். இரண்டும் சமம்.

என் கையில் உருண்டை 0.3 நொடி தங்குகிறது. கை காலியாக இருப்பதும் அதே 0.3. மூன்று உருண்டைக்கு 0.6 நொடி பறத்தல் போதும், உயரம் 44 செ.மீ. இதே தாளத்தில் ஐந்துக்கு 1.2 நொடி தேவை. நேரம் இரட்டிப்பானால் உயரம் நான்கு மடங்காகும்: 176 செ.மீ. பிழையும் கூடவே வளர்கிறது. எறியும் கோணம் 2 பாகை பிசகினால் இப்போது சுமார் 6 செ.மீ. தள்ளி விழுவது, அங்கே 25 செ.மீ. தள்ளி விழும். என் இடுப்பு உயரத்தையும் சேர்த்தால் மின்விசிறியும் ஆட்டத்தில் கலந்துகொள்ளும்.

ஆகவே இப்போதைக்கு நான்கு. அதற்கு 99 செ.மீ. உயரம் போதும். ஆனால் நான்கில் உருண்டைகள் கை மாறுவதில்லை, ஒவ்வொரு கையும் இரண்டைத் தனியாகச் சமாளிக்க வேண்டும். வலது கை 20 வரை வந்திருக்கிறது. இடது கை மூன்றில் நிற்கிறது. ஜோடி தொலைத்த காலுறை இன்னும் ஒன்று இருக்கிறது, நாளை கட்ட வேண்டும்.