மூக்கு, துதிக்கை, 18 மில்லி

ஜூலை 19, சனி

அப்பா பென்சிலில் வரைந்த கஜலட்சுமிப் பேப்பரை ஸ்கேன் செய்துவிட்டேன். இதைக் கம்ப்யூட்டரில் புடைப்பாக்கி, மெஷினில் தேக்குப் பலகையில் வெட்டவேண்டும். மூலையில் அப்பாவின் கட்டைவிரல் கறை இருக்கிறது. அதை அழிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆஸ்பயர் சாஃப்ட்வேரைத் தானாகக் கோடு எடுக்கவிட்டால், ஒவ்வொரு பென்சில் கோட்டுக்கும் இரண்டு கோடு போடுகிறது. பென்சில் தடத்துக்கு இந்தக் கரை ஒன்று, அந்தக் கரை ஒன்று. புருவம் எல்லாம் வாய்க்கால் மாதிரி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஸ்கேனை அடியில் வைத்து, கோட்டை வளைக்கும் புள்ளிகளை, ஒவ்வொரு நோடாக, நானே வைத்தேன். அப்பாவின் புருவம் ஒரே இழுப்பு. மூன்று நோடு போதும். நான் ஏழு வைத்தேன், நெளிந்தது. நாலைக் கழற்றிய பிறகுதான் அது அவர் புருவமாக வந்தது.

கோடு மூடியிருந்தால்தான் உருவத்தை எழுப்ப முடியும். அப்பா எங்கேயும் மூடுவதில்லை. தோள் கோடு தாமரை வரைக்கும் வந்து நின்றுவிடும். தாமரைக்குப் பின்னால் அது எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும், அதனால் வரையவில்லை. இப்போது அதை நான் யூகித்து மூடவேண்டும். இருபத்தாறு இடங்களில் யூகித்திருக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

அப்பாவின் வலது கைப் பயிற்சிக்கு ஆத்தூர் போய் வந்தோம். அந்தக் கையால் பந்தை மூன்று முறை அழுத்தினார்.

ஜூலை 23, புதன்

இன்று எழுப்பிப் பார்த்தேன். வட்டமாக எழுப்பச் சொன்னால், எது அகலமோ அது உயரமாக வருகிறது, எது ஒடுக்கமோ அது படுத்துக்கொள்கிறது. கன்னம் இரண்டும் இட்லி. மூக்கு ஒரு அரிசி. தேவியின் விரல்கள் நூல் மாதிரி. தட்டையான படத்தில் எது முன்னால், எது பின்னால் என்ற கணக்கே கிடையாது. அகலத்தை வைத்து அது எழுப்புகிறது. அதனிடம் வேறு எதுவும் நாம் சொல்லவில்லையே.

ஒவ்வொன்றுக்கும் உயரத்தை நான்தான் எழுதவேண்டும். மொத்த உயரம் 18 மில்லிமீட்டர். பலகையின் அடிமட்டம் 0. மூக்கு நுனி 18, அதைத் தாண்டி எதுவும் போகக்கூடாது. இடையில் எல்லாமே சந்தேகம்.

அப்பாவிடம் கேட்டேன். பீடத்தைவிட முழங்கால் எவ்வளவு முன்னால் வரணும்? இடது கட்டைவிரலை நீட்டி, நகத்தின் பாதியைக் காட்டினார். ஸ்கேல் வைத்து அளந்தேன். 7 மில்லி. அப்புறம் அபய கை எவ்வளவு என்று கேட்டேன். நகத்துக்கு மேல் ஒரு கோதுமை அளவு என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். களைத்துப்போய்த் தூங்கிவிட்டார், இன்னும் பதினெட்டு கேள்வி பாக்கி.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் சித்தப்பா இறைத்தார். அப்பா நாற்காலியில் இருந்து பார்த்தார்.

ஜூலை 26, சனி

மாமா பட்டறையில் ஒரு அண்ணன் சொன்னார்: பழைய கஜலட்சுமி கதவை போட்டோ எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி உள்ளே போடு, தானாக எழும்பிவிடும், இதற்கா ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறாய். போட்டுப் பார்த்தேன். வெள்ளை மேடு, கறுப்பு பள்ளம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நெற்றிப் பொட்டு குழியாகிவிட்டது. மூக்குத்தி முள்ளாக நிற்கிறது. நிழல் விழுந்த இடது கன்னம் உள்ளே போய்விட்டது. கன்னத்தில் படிக்கட்டு வேறு. 8 பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு 256 படிதான். 18 மில்லியை அதில் பிரித்தால் ஒரு படிக்கு 0.07 மில்லி, சரிவான இடத்தில் அது கண்ணுக்குத் தெரிகிறது. 16 பிட்டில் 65,536 படி இருக்கிறது, படிக்கட்டு போய்விடும். பொட்டுக் குழி போகாது.

அந்த ஃபைலை வைத்திருக்கக்கூட மனம் வரவில்லை. அழித்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

மூக்கு சரியில்லை.

ஜூலை 28, திங்கள்

இன்றும் இல்லை. பந்து: நான்கு முறை.

ஜூலை 29, செவ்வாய்

சிற்ப சாஸ்திரத்தின் தாள அளவு தப்பில்லை. மயிர்க்கோட்டிலிருந்து கண்கோடு, அங்கிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து தாடை. மூன்றும் சமம், நான்கு நான்கு அங்குலம், மொத்தம் பன்னிரண்டு. இது தாளக் கணக்கின் அங்குலம், இன்ச் இல்லை. அப்பா போட்டது, மயிரிழைகூடத் தவறாது. முன்னாலிருந்து பார்த்தால் முகம் அழகாகத்தான் இருக்கிறது. வெளிச்சத்தைப் பக்கத்துக்கு நகர்த்தினால் செத்துவிடுகிறது. மூக்கை 18-இலிருந்து 20 ஆக்கினேன், கிளி மூக்கானது. 19, அதுவும் கிளிதான்.

ராத்திரி பதினோரு மணிக்கு மாமல்லபுரம் ஞாபகம் வந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும். வராக மண்டபத்துக்குள் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு நின்றார். கஜலட்சுமிக்கு மேலே யானைகளின் முன்பாகம் மட்டும் பாறையிலிருந்து வெளியே வந்திருக்கும், மிச்ச உடம்பெல்லாம் பாறைக்குள்ளேயே இருக்கிறது என்று நான் நம்பினேன். அப்பா டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு முகமாகக் காட்டினார். “பாப்பா, மூக்கு உசந்ததால மூக்கு ஆகல. பக்கத்துல எறங்குனதால ஆச்சு.” ஏழாம் நூற்றாண்டில் உளி பிடித்தவருக்குத் தெரிந்ததை, பத்து வயதில் கேட்டும் நான் விட்டுவிட்டேன்.

எழுந்துபோய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். மூக்கைத் திரும்ப 18-க்கே கொண்டுவந்தேன். இரண்டு பக்கமும், கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில், சின்ன பிரஷ்ஷால் 1.2 மில்லி இறக்கினேன். மூக்குச் சிறகை மட்டும் செங்குத்தாக விட்டேன், கன்னத்தைச் சாய்வாக ஓடவிட்டேன். முழு உருவத்தை அப்படியே கால் பங்கு ஆழத்துக்கு அமுக்கினால் எல்லாம் சேர்ந்து தட்டையாகிறது. எல்லாவற்றையும் ஒரே அளவில் அமுக்கக்கூடாது. எது செங்குத்து, எது சாய்வு என்று பார்த்துப் பார்த்து அமுக்கவேண்டும்.

மணி இரண்டே கால். முகம் வந்துவிட்டது. அழுகை வந்தது.

ஜூலை 31, வியாழன்

துதிக்கை. குடத்தின் மேல் துதிக்கையைக் கூட்டினால் இரண்டு உயரமும் சேர்ந்து 23 ஆகிறது, மூக்கைவிட உயரம். மெர்ஜ் போட்டால் எது உயரமோ அது மட்டும் நிற்கிறது, சரிதான். ஆனால் இரண்டும் ஒரே உயரத்தில் சந்திக்கும் இடத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. துதிக்கையைச் சாய்த்தேன்: அடி சுவரோடு, நுனி குடத்தைவிட 2 மில்லி முன்னால். ஓரம் முழுக்க 0.8-இல் ஒரு கீறல் இறக்கினேன். இப்போது குடத்தைப் பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தூக்கம் வரவில்லை. அப்பாவின் மரப்பெட்டி மூடிக்குள் தம்மம்பட்டி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை ஒட்டி வைத்திருக்கிறார். தூங்குவாகை மரத்தில் ஒற்றைக் கட்டையைக் கையால் கொத்தி எடுக்கிறவர்களுக்குக் கிடைத்தது அது. நான் செய்வது அதில் சேராது, எனக்குத் தெரியும். அவர் கோடு அதில் சேருமா?

யானைக் காதுக்குப் பின்னால் மெஷின் போகாது. இந்தச் சாஃப்ட்வேரில் ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு உயரம்தான். மேலிருந்து பார்த்தால் தெரியாத இடம் அதற்கு இல்லவே இல்லை. அப்பா அங்கேதான் வளைந்த உளியை விட்டு ஒரு நிழல் எடுப்பார். அந்த நிழல்தான் காதைப் பலகையிலிருந்து பிரிக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எல்லோரும் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போனார்கள். நான் பட்டறையில். மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் சோதனை. 450-க்கு 300 மில்லி. 6 மில்லி டூலில் முதல் வெட்டு, பிறகு உருண்டை முனை உள்ள 3 மில்லி பால் நோஸ், வரிக்கு வரி 0.25 மில்லி. ஆயிரத்து இருநூறு வரி, 540 மீட்டர் ஓடவேண்டும், நிமிடத்துக்கு 2.5 மீட்டர் வைத்தால் 3 மணி 36 நிமிடம். இரண்டாவது மணி நேரத்தில் கரண்ட் போனது. டூலின் தொடக்க உயரத்தை, அதாவது ஜீரோவை, திரும்ப எடுத்ததில் 0.3 வித்தியாசம், கன்னத்தின் குறுக்கே ஒரு கோடு. தேக்கில் ஆகாமல் போனதே என்று பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அப்பா மடியில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் தடவினார். நெற்றி, மூக்கு, உதடு. கன்னத்துக் கோட்டில் ஒரு நொடி நின்று, கடந்து போனார். தாடைக்குக் கீழே நின்றார். “இங்க இன்னும் எறங்கணும்.” எவ்வளவு என்றேன். நக நுனி. 1.5. துதிக்கையை இரண்டு முறை தடவினார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டார். அம்மா வாசல்படியிலேயே நின்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

கழுத்து இறக்கியாயிற்று. பலகை கேட்டிருக்கும் வீட்டுக்காரர் இரண்டு முறை போன். ஆவணி முகூர்த்தம், நினைவிருக்கிறதா என்கிறார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தேக்கு ஏற்றியாயிற்று. முதல் வெட்டு முடிந்தது, மலைப்பாறை மாதிரி இருக்கிறது. சாயங்காலம் அப்பா உளிப் பையைக் கேட்டார். எடுத்துக்கொடுத்தேன். வளைந்த உளியை உருவி என் கையில் வைத்து, என் கட்டைவிரலைத் தள்ளிப் பிடியில் சரியாக வைத்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை 6.10-க்கு ஃபினிஷிங் ஆரம்பம். அடியிலிருந்து மேலே போகிறது. 8.15. கழுத்து வந்துவிட்டது, ஆழம் சரி. உதடு பாதி. இன்னும் சில நிமிடங்களில் மூக்கு