ஊருக்கு ஒன்று போதும்: பால்டிக் கடலில் ஏழு இரவுகள்

கப்பலில் போகலாம் என்று சொன்னது இவர்தான். பொறையாரில் பிறந்து, தரங்கம்பாடிக் கடற்கரை மணலில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவள் நான், கடலைப் போய்க் காசு கொடுத்துப் பார்ப்பானேன் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் மயிலாடுதுறையில் முப்பது வருஷம் மெடிக்கல் ஷாப் நடத்திவிட்டு, கடையை மூடிய பிறகு இவர் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை இது. டெபாசிட் ஒன்றும் முதிர்ந்திருந்தது. என் முட்டி இன்னும் எத்தனை வருஷம் ஒத்துழைக்கும் என்பதும் தெரியாது. சரி என்று சொல்லிவிட்டேன்.

2024 ஜூன் மாதம். கோபன்ஹேகனில் ஏறி, ஜெர்மனியில் வார்னமுண்டே, ஒரு நாள் முழுக்கக் கடல், அப்புறம் டாலின், ஹெல்சிங்கி, ஸ்டாக்ஹோம், மறுபடி ஒரு நாள் கடல், திரும்பவும் கோபன்ஹேகன். முன்பெல்லாம் இந்தப் பாதையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்தான் முக்கிய ஊர், இரண்டு நாள் நிற்பார்களாம். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் கப்பல்கள் அங்கே போவதை நிறுத்திவிட்டன. இவருக்கு அதில் கொஞ்சம் மனக்குறை.

புறப்படுவதற்கு முன்பே எங்களுக்குள் ஒரு சண்டை வந்துவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் கப்பல் நிற்பது ஏழு, எட்டு மணி நேரம்தான், இறங்க ஏறப் போக மிஞ்சுவது ஆறு. இவர் கையில் இரண்டு பக்கத்துக்குப் பட்டியல், ஸ்டாக்ஹோமுக்கு மட்டும் பதினொரு இடம். இந்த முட்டியை வைத்துக்கொண்டு பதினொரு இடமா? கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஊருக்கு ஒன்றுதான். அந்த ஒன்றை உட்கார்ந்து நிதானமாகப் பார்ப்பது, மற்றதெல்லாம் போகிற வழியில் கண்ணில் பட்டால் பட்டது. வார்னமுண்டேயும் ஸ்டாக்ஹோமும் என் இஷ்டம், டாலினும் ஹெல்சிங்கியும் அவர் இஷ்டம்.

கப்பலைப் பற்றி நிறையச் சொல்லப் போவதில்லை. பதினாலு மாடி, நீச்சல்குளம், சூதாட்டக்கூடம், நாள் முழுக்கச் சாப்பாடு. சைவம் என்று முதல் நாளே சொல்லிவைத்ததில் ராத்திரி தவறாமல் ஒரு கிண்ணம் பருப்பும் சாதமும் வந்தது, நாங்கள் கொண்டுபோன மாவடுவோடு அதுவே அமிர்தம். ஒரே ஒரு யோசனை சொல்கிறேன்: ஜூன் மாதம் அந்தப் பக்கம் போனால் ஜன்னல் இல்லாத உள் அறையையே எடுங்கள். விலை குறைவு என்பது ஒரு பக்கம். ராத்திரி பத்தரைக்கு மேல்தான் சூரியன் விழுகிறது, மூன்றரை நாலு மணிக்கெல்லாம் மறுபடி வந்துவிடுகிறது, நடுவிலும் சரியாக இருட்டுவதில்லை. கடல் தெரியும் பால்கனி அறைக்கு எக்கச்சக்கமாகப் பணம் கட்டியவர்கள் திரையை இழுத்து மூடிக்கொண்டு தூக்கம் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் குகைக்குள் படுத்த மாதிரி நிம்மதியாகத் தூங்கினோம். வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க டிவியில் ஒரு சேனல், கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும்.

வார்னமுண்டேயில் இறங்கிய முக்கால்வாசிப் பேர் பெர்லினுக்குப் போய்விட்டார்கள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அவர்களை வழியனுப்பிவிட்டு நாங்கள் பொடிநடையாகக் கடற்கரைக்குப் போனோம். அங்கே மணல் முழுக்கப் பிரம்பு நாற்காலிகள், நாற்காலி என்பதைவிட இரண்டு பேர் உட்காரும் பெரிய கூடை என்று சொல்லலாம், தலைக்கு மேலேயும் பக்கவாட்டிலும் மூடி இருக்கும், உள்ளே மெத்தை, காலை நீட்ட இழுப்பறை மாதிரி ஒரு பலகை. ஸ்ட்ராண்ட்கோர்ப் என்று பெயர். 1882-இல் முடக்குவாதத்தால் அவதிப்பட்ட ஒரு சீமாட்டி, கடற்கரையில் காற்றுப் படாமல் உட்கார ஏதாவது செய்துதர முடியுமா என்று பக்கத்து ரோஸ்டாக் ஊர்க் கூடை முடைபவர் பார்டெல்மானிடம் கேட்க, அவர் செய்துகொடுத்ததுதான் முதல் கூடை. அடுத்த வருஷமே அவர் மனைவி இதை வார்னமுண்டேயில் வாடகைக்கு விட ஆரம்பித்துவிட்டார். அந்தச் சீமாட்டிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வாடகை கொடுத்து ஒரு கூடைக்குள் புகுந்தேன். வெயில் அடித்தது, ஆனால் காற்று ஊசிமாதிரி இருந்தது. உள்ளே உட்கார்ந்தால் வெயில் மட்டும் மடியில் விழுகிறது. மூன்று மணி நேரம் நான் அங்கிருந்து அசையவில்லை, இவர் கலங்கரை விளக்கம் வரை இரண்டு தடவை போய்விட்டு வந்தார்.

எழுந்து வரும்போது தண்ணீரில் காலை நனைத்து, பழக்கதோஷத்தில் ஒரு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது, ஆனால் நம்ம ஊர்க் கரிப்பு இல்லை. ரசத்தில் உப்புக் கொஞ்சம் குறைந்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. சரி, நாக்கு மரத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

டாலின் எஸ்தோனியாவின் தலைநகரம். துறைமுகத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போய்விடலாம். மதில், கூம்புத் தொப்பி போட்ட காவல்கோபுரங்கள், கருங்கல் பதித்த தெரு. அந்தக் கல் பார்க்க அழகு, முட்டிக்கு எமன். இவர் தேர்வு செய்திருந்தது நகர மண்டபச் சதுக்கத்தில் இருக்கும் மருந்துக்கடை. வேறு என்னவாக இருக்கும்! குறைந்தது 1422-லிருந்து அதே இடத்தில் நடக்கிறது, இன்றைக்கும் போய்த் தலைவலி மாத்திரை வாங்கலாம். பின்னால் சின்னதாக ஒரு காட்சியறை. அந்தக் காலத்தில் என்னென்ன விற்றார்கள் என்று ஜாடிகளில் வைத்திருக்கிறார்கள்: எரித்த முள்ளெலி, எகிப்தியப் பிணத்தூள், இனிப்புச் சாராயம். பூர்கார்ட் என்ற ஒரே குடும்பம் பத்துத் தலைமுறையாக, 1911 வரை இதை நடத்தியிருக்கிறது, மூத்த பையனுக்கெல்லாம் யோஹான் என்றே பெயர் வைத்து. சாகக்கிடந்த ரஷ்யப் பேரரசர் பீட்டர் இந்தக் குடும்பத்து ஆளைக் கூட்டிவரச் சொன்னார், ஆள் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது என்று ஒரு கதையும் உண்டு.

இவர் கல்லாப் பக்கத்திலேயே நின்றார். பிறகு, விற்பனைக்கு நின்ற பெண்ணிடம் தனக்கும் இதே தொழில்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் சிரித்து, "எத்தனை வருஷம்?" என்று கேட்டாள். "முப்பது" என்று சொல்லும்போதே இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அறுநூறு வருஷக் கடையில் நின்றுகொண்டு முப்பது என்றால்? எங்கள் பையன் கடையை எடுத்து நடத்த வரவில்லை என்கிற வருத்தம் இவருக்கு இருக்கிறது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம் சாப்பிட்டபோது, "பத்துத் தலைமுறைக்கு அப்புறம் அவனும்தான் விட்டுட்டான்" என்றார், யாரையோ மன்னித்துவிட்ட குரலில்.

டாலினிலிருந்து ஹெல்சிங்கிக்குக் கடல்வழி சுமார் 80 கிலோமீட்டர்தான். சாதாரணப் படகு இரண்டு மணி நேரத்தில் போய்விடும். எங்கள் கப்பல் அதை ராத்திரி முழுக்க உருட்டியது, சூதாட்டக்கூடம் நடக்க வேண்டாமா!

இப்போது கைக்கடிகாரக் கதைக்கு வருகிறேன். டென்மார்க்கைவிட எஸ்தோனியாவும் ஃபின்லாந்தும் ஒரு மணி நேரம் முன்னால். டாலினுக்கு முதல் நாள் ராத்திரியே கடிகாரத்தைத் தள்ளி வையுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள், அறைக்குச் சீட்டும் வந்தது. இவர் கையில் இருப்பது கல்யாணத்துக்கு என் அப்பா போட்ட எச்எம்டி, சாவி கொடுக்கிற ரகம். டாலினில் என் போனைப் பார்த்து சமாளித்துவிட்டோம். ஹெல்சிங்கியில் போனை சார்ஜில் போட்டுவிட்டு அறையிலேயே மறந்து வந்துவிட்டேன். எல்லாரும் நாலரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் என்றால் காத்திருப்பார்கள், சொந்தமாகச் சுற்றுகிறவர்களுக்காக நிற்கமாட்டார்கள்.

இவர் தேர்வு சுவோமென்லின்னா கடற்கோட்டை. 1748-இல், ஃபின்லாந்து ஸ்வீடனோடு இருந்த காலத்தில், ரஷ்யாவுக்குப் பயந்து தீவுகளின் மேல் கட்ட ஆரம்பித்தது. அவ்வளவு செலவு செய்து கட்டி, 1808-இல் ரஷ்யர்கள் வந்தபோது பெரிய சண்டையே இல்லாமல் ஒப்படைத்துவிட்டார்கள். துறைமுகச் சந்தையிலிருந்து படகில் கால் மணி நேரம். சந்தையில் கரேலியன் பிராக்கா என்ற பலகாரம் வாங்கினோம், கறுப்பான ரை மாவு ஓட்டுக்குள் குழைந்த அரிசிக் கஞ்சி. கையில் எடுத்து இரண்டாவது கடி கடிப்பதற்குள் தலைக்கு மேல் ஒரு சத்தம், பாதிப் பலகாரம் கடற்புறா வாயில். எச்சரிக்கைப் பலகை பின்னாலேயே இருந்தது.

தீவில் கூட்டம் இருந்தும் இரைச்சல் இல்லை. பீரங்கிகளுக்கு நடுவே புல்லில் விரிப்பைப் போட்டுக் குடும்பம் குடும்பமாகச் சாப்பிடுகிறார்கள், சில நூறு பேர் அங்கேயே குடியிருக்கிறார்கள். தெற்குக் கோடியில் அரசர் வாசல் என்று ஒன்று, படிகள் நேராகக் கடலில் இறங்குகின்றன. அங்கே உட்கார்ந்து மறுபடி தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இவர் மணி பார்த்து, "ரெண்டேகால்தான், நிதானமாப் போகலாம்" என்றார். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வந்த பெண்ணிடம் படகுத்துறைக்கு வழி கேட்டபோது, எதற்கும் இருக்கட்டும் என்று மணியும் கேட்டேன். மூன்றேகால் என்றாள்.

ஏங்க, என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கப்புறம் படகுத்துறை வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கல் பாவிய ஏற்ற இறக்கம், ஒரு கையில் இவர் தோள், மறு கையில் கைப்பை. படகு அக்கரை சேரும்போது நாலடிக்க ஐந்து நிமிஷம். டாக்சி பிடித்துத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது நாலு இருபது. பால்கனிகளில் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள், கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பது கப்பலில் ஒரு பொழுதுபோக்காம். நாங்கள் ஓடவில்லை, என்னால் முடியாது, நொண்டி நொண்டித்தான் வந்தோம். ஏணிப்படி ஏறும்போது மேலேயிருந்து கைதட்டினார்கள். இவர் கையை ஆட்டினார். எனக்கு வந்த கோபம் ராத்திரி பருப்புச் சாதம் வரும்வரை இறங்கவில்லை. அன்றைக்கு ஸ்வீடனுக்காக ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. எச்எம்டியில் மாற்ற ஒன்றுமே இல்லை, அது பாட்டுக்குச் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. "பார்த்தியா" என்றார்.

ஸ்டாக்ஹோமுக்குப் போகிற வழியை மட்டும் தூங்கித் தொலைத்துவிடாதீர்கள். பாறைத்துண்டுகளையும் சேர்த்து 30,000 தீவுகள் என்கிறார்கள். நாலு மணிக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன், வெளிச்சம் நன்றாகவே வந்துவிட்டிருந்தது. சில இடங்களில் எங்கள் கப்பல் போகிற பாதைக்கு வெகு பக்கத்திலேயே வீடுகள்; செங்காவி மர வீடு, ஒரு கொடிக்கம்பம், ஒரு படகு. ஒரு ஆள் பனியனோடு வாசலில் நின்று காபி குடித்தபடி பதினாலு மாடி நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையசைத்தேன், அவரும் டம்ளரைத் தூக்கினார்.

அங்கே என் தேர்வு வாசா. 1628 ஆகஸ்ட் 10 அன்று புறப்பட்ட போர்க்கப்பல், 64 பீரங்கி, அரசர் குஸ்தாவ் அடோல்ஃபின் பெருமை. கரையிலிருந்து 1,300 மீட்டர் போவதற்குள் ஒரு காற்றுக்குச் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி ஜன்னல் வழியே தண்ணீர் புகுந்து, ஊரே பார்த்துக்கொண்டிருக்க மூழ்கியது. மேல்பாரம் அதிகம். தெரியாமல் நடந்ததும் இல்லை. முன்பே 30 ஆட்களை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். மூன்றாவது ஓட்டத்திலேயே கவிழ்ந்துவிடும்போல ஆட, நிறுத்தச் சொல்லிவிட்டார் தளபதி. சோதனையைத்தான் நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. அரசர் போர்முனையிலிருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். விசாரணை வைத்தார்கள், ஒருவர் மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை.

333 வருஷம் அடியில் கிடந்து, 1961-இல் மேலே வந்தது. அதை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் இருட்டுக்குக் கண் பழக ஒரு நிமிஷம் ஆகிறது. பிறகு அது தெரிகிறது, தெரு அடைத்து நிற்கும் தேர் மாதிரி. பின்பக்கம் முழுக்க மரச்சிற்பம், சிங்கம், வீரன், மீன்வால் பெண், ஒன்றின் மேல் ஒன்றாக. திருவாரூர்த் தேரைச் சின்ன வயசில் அண்ணாந்து பார்த்தபோது வந்த அதே கழுத்துவலி. மரம் உதிராமல் இருக்க 17 வருஷம் ஒரு ரசாயனக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்களாம்.

என் நாக்கு சொன்னதற்கும் அங்கேதான் பதில் கிடைத்தது. கப்பல் மரத்தைத் துளைத்துத் தின்கிற புழு உப்புக் குறைந்த தண்ணீரில் பிழைக்காது. பெருங்கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால் ஹெல்சிங்கிப் பக்கம் ஐந்தாறு கிராம்தான். சுற்றிலும் ஆறுகள் வந்து விழுகின்றன, வெளிக்கடலோடு இருக்கும் தொடர்போ டென்மார்க்குக்கு அருகே குறுகலான நீரிணைகள் வழியேதான். நம்ம கடலில் மூழ்கியிருந்தால் பீரங்கியைத் தவிர என்ன மிஞ்சியிருக்கும்?

கடைசி நாள் கோபன்ஹேகனில் விமானத்துக்கு நேரம் இருந்தது. கடற்கன்னிச் சிலை வழியில் பட்டது, நாலடி உயரம், நாற்பது பேர் கூட்டம், அவ்வளவுதான். எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது பழைய பங்குச்சந்தைக் கட்டடம், பெர்சன். டென்மார்க் அரசர் நாலாம் கிறிஸ்டியன் கட்டியது, நாலு டிராகன்களின் வால் முறுக்கிக்கொண்டு கோபுரமாக எழும்பியிருக்கும். 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியதும் இதே அரசரின் ஆட்கள்தான். நாயக்கர் அவருக்குப் பொன் ஏட்டில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. நாங்கள் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே ஏறி விளையாடியது அந்தக் கோட்டைச் சுவரில்தான்.

ஆனால் அந்த வருஷம் ஏப்ரல் 16 அன்று பெர்சன் எரிந்துவிட்டது. 400 வருஷ நிறைவுக்காகப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோதே தீப்பிடித்து, டிராகன் கோபுரம் முறிந்து விழுந்தது. தெருவில் போனவர்கள்கூட உள்ளே போய் ஓவியங்களைத் தூக்கி வந்தார்களாம். நாங்கள் போனபோது கிட்டே விடவில்லை, பாலத்தின் மேலிருந்துதான் பார்த்தோம். முறுக்கிய இரும்புச் சாரம், சுவர் சாயாமல் முட்டுக்கொடுத்து அடுக்கிய சரக்குப் பெட்டிகள். இவர் என்னை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். வாட்ஸ்அப்பில் போட்டதும் பொறையாரிலிருந்து தம்பி கேட்டான்: "என்னக்கா, டென்மார்க் போயும் கட்டட வேலை நடக்கிற இடத்துல நிக்கிறே?"